சிவப்பறியாத கண்

ஆர்த்தோகுரோமேட்டிக் என்ற பழைய புகைப்படத் தகட்டில் குங்குமப் பொட்டு கறுப்பாகத்தான் விழும். வெற்றிலை போட்ட உதடும் அப்படியே. அரக்குச் சேலை, செம்பருத்தி, செம்மண் தரை எல்லாம் ஏறத்தாழ ஒரே இருட்டுக்குள் போய்விடும். படம் எடுத்தவரின் கைக்கோளாறு இதில் எதுவும் இல்லை. வெள்ளி உப்புக்கு இயல்பிலேயே சிவப்பு தெரியாது. நீலத்தையும் ஊதாவையும் நம் கண்ணுக்கு எட்டாத புறஊதாவையும் மட்டுமே அது உணரும். சில சாயங்களைக் கலந்தால் அந்த உணர்வைப் பச்சைவரை நீட்டலாம் என்று 1873-இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் கண்டறிந்தார். ஆர்த்தோ தகடுகள் அந்த வழியில் வந்தவை. சிவப்பு உட்பட முழு நிறமாலையையும் உணரும் பான்குரோமேட்டிக் தகடு கடைக்கு வர 1906 ஆயிற்று. இங்கிலாந்தின் ராட்டன் அண்டு வெயின்ரைட் நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. அதன் பிறகும் ஆர்த்தோ நெடுங்காலம் போகவில்லை. விலை மலிவு என்பது ஒருபுறம். சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, படம் எழுந்து வருவதைக் கண்ணால் பார்த்தபடியே கழுவலாம் என்பது பெரிய வசதி. பான்குரோமேட்டிக்கில் அந்த வசதி கிடையாது, சுத்தமான இருட்டு வேண்டும். பிலிமுக்குச் சிவப்பு தெரியத் தொடங்கிய நாளில் அதைக் கழுவுகிறவரின் கண் கட்டப்பட்டுவிட்டது.

இந்தக் குருட்டுத்தனத்தில் அதிகம் அடிபட்டது பழுப்புத் தோல். அதில் பட்டுத் திரும்பும் ஒளியில் சிவப்பும் மஞ்சளுமே மிகுதி. அவற்றைச் சரிவர வாங்கத் தெரியாத தகட்டில் முகத்தின் மேடுபள்ளங்கள் மறைந்து, எல்லாம் ஒரே கருமையாகக் கிடக்கும். ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி 1923-இல் ‘மோனா’ படத்தை எடுக்கச் சமோவாத் தீவுகளுக்குப் போனபோது இந்தச் சிக்கலில்தான் மாட்டினார். வழக்கமான ஆர்த்தோ பிலிமில் அந்த மக்களின் உடல் உயிரற்ற கருமையாக வந்தது. வண்ணப் பரிசோதனைக்கென்று கொண்டுபோயிருந்த பான்குரோமேட்டிக் பிலிமைச் சாதாரணக் காமிராவில் போட்டுப் பார்த்தார். தோலின் மினுமினுப்பும் தசையின் திரட்சியும் திரையில் எழுந்தன. 1926-இல் வெளியான அந்தப் படம் பான்குரோமேட்டிக்கில் எடுக்கப்பட்ட முதல் சில முழுநீளப் படங்களில் ஒன்று. அதே தீவு, அதே வெயில், அதே மனிதர்கள். மாறியது பிலிமின் பூச்சில் கலந்த சாயம் மட்டும். நம் வீட்டுக் கூடங்களில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் பழைய படங்களைப் பார்க்கும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரியவர் உண்மையிலேயே அவ்வளவு கறுப்பா, தகடு அவரைக் கறுப்பாக்கியதா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. வெளுத்த தோலைத் தமிழில் ‘சிவப்பு’ என்கிறோம். அந்தச் சிவப்புக்காக ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவின் மேல் பென்சிலால் தடவித் தடவி முகத்தை வெளுப்பாக்கினார்கள். சிவப்பே தெரியாத தகட்டின் மேல் நடந்த வேலை அது என்பது ஒரு வேடிக்கை.

இதையெல்லாம் எடுத்துவைக்கக் காரணம் உண்டு. கறுப்பு வெள்ளைப் பிலிம் மறுபடி பேச்சுக்கு வந்திருக்கிறது. பேசுகிறவர்கள் பெரும்பாலும் உண்மை, ஆன்மா என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வண்ணம் மேலோட்டத்தைக் காட்டுமாம், கறுப்பு வெள்ளை உள்ளிருப்பதைக் காட்டுமாம். குங்குமத்தைக் கறுப்பாகவும் நீல வானத்தை வெள்ளைத் தாளாகவும் காட்டிய ஒரு பொருளுக்கு உண்மை என்ற பட்டம் எப்படிப் பொருந்தும்? கறுப்பு வெள்ளைப் பிலிம் என்றைக்கும் உண்மை பேசியதில்லை. அதன் பெருமையை வேறிடத்தில் தேட வேண்டும். ஒவ்வொரு பிலிமின் பொய்யும் இன்னதென்று முன்கூட்டியே தெரியும். ஷட்டரை அமுக்கிய பிறகு அந்தப் பொய்யை மாற்றிக்கொள்ள முடியாது. இந்த இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து, படமெடுப்பவர் தீர்மானிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதியைப் படத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுகின்றன. வண்ணப் படத்திலிருந்து வண்ணத்தை எடுத்துவிட்டால் கிடைப்பதும் கறுப்பு வெள்ளைதான். ஆனால் பிலிமில் எடுத்துவிட எதுவும் இருந்ததில்லை. இழந்த பொருளுக்கும் இல்லாத பொருளுக்கும் உள்ள வேறுபாடு படத்தாளில் தெரியாமல் போகலாம், எடுக்கிறவரின் தலைக்குள் அது பெரிய வேறுபாடு.

இலைகளுக்கு நடுவே ஒரு செம்பருத்தி. கண்ணுக்கு இதைவிட உரக்கக் கூவும் காட்சி இல்லை. பான்குரோமேட்டிக் பிலிமில் அந்தப் பூ காணாமல் போய்விடக்கூடும், ஏனென்றால் அந்தச் சிவப்பும் அந்தப் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக மாறுகின்றன. பூவை மீட்க வேண்டுமானால் லென்ஸுக்கு முன்னால் வண்ணக் கண்ணாடி ஒன்றை மாட்ட வேண்டும். சிவப்புக் கண்ணாடி பூவை வெளுப்பாக்கி இலையை இருட்டாக்கும். பச்சைக் கண்ணாடி அதைத் தலைகீழாக்கும். எது வேண்டும் என்பதைப் பூவின் முன் நிற்கும்போதே முடிவுசெய்தாக வேண்டும். ஆன்செல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே நின்றபோது அவரிடம் இரண்டே கண்ணாடித் தகடுகள் மிச்சமிருந்தன. வழக்கம்போல் மஞ்சள் கண்ணாடி போட்டு ஒன்றை எடுத்தார். எடுத்து முடித்ததும், வானம் சாதாரணச் சாம்பலாகத்தான் வரும், தன் மனத்தில் அந்தப் பாறை எழுப்பிய கனம் தகட்டில் வராது என்பது அவருக்கு உறைத்தது. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்புக் கண்ணாடியை மாட்டினார். வானம் ஏறத்தாழக் கறுப்பாக இறங்கியது. அங்கே அன்று அப்படியொரு வானம் இல்லை. அந்தப் படத்தைப் போற்றுகிறவர்கள் இயற்கையின் பிரம்மாண்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்த இரண்டு தகடுகளுக்கு இடைப்பட்ட சில நிமிடங்கள்தான் முக்கியம். தகட்டைக் கழுவிப் பார்க்காமலே, அது எப்படிப் பொய் சொல்லும் என்று தெரிந்திருந்த ஒருவர், அந்தப் பொய்யைத் திருத்தி வேறொரு பொய்யைத் தேர்ந்துகொண்டார்.

வண்ணத்தோடு முடிகிற கணக்கு இல்லை இது. வெளிச்சத்துக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. ஒளி பட்ட வெள்ளி உப்புப் பரலில் நான்கைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடினாலே போதும், டெவலப்பர் அந்தப் பரல் முழுவதையும் வெள்ளியாக்கிவிடும். அந்த நான்கைந்து அணுக்கள் சேராத இடத்தில் எவ்வளவு நேரம் கழுவினாலும் ஒன்றும் வராது. அதனால்தான் நிழலைப் பார்த்து எக்ஸ்போஷர், வெளிச்சத்தைப் பார்த்துக் கழுவல் என்ற விதி வந்தது. நிழலுக்குள் என்ன தெரிய வேண்டும் என்பது காமிராவில் முடிந்துபோகிற காரியம். வெளிச்சப் பகுதி எவ்வளவு அடர்த்தியாக வேண்டும் என்பதற்கு மட்டும் இருட்டறையில் கொஞ்சம் இடம் உண்டு. 1954-இல் 35 மில்லிமீட்டர் சுருளாக வந்த கோடக் ட்ரை-எக்ஸும் 1976-இல் வந்த இல்ஃபோர்டு எச்பி5-உம் பத்திரிகைப் படக்காரர்களின் கையோடு ஒட்டிப்போனதற்குக் காரணம் இந்த விதியை அவை கொஞ்சம் தளர்த்தின என்பதுதான். 400 வேகப் பிலிமை 1600 என்று வைத்துக்கொண்டு மங்கிய விளக்கில் எடுத்து, கூடுதல் நேரம் கழுவிச் சமாளிக்கலாம். சமாளித்ததற்கு அடையாளமாக நிழல்கள் வெறுங்கருமையாகும், கிரெய்ன் மணல்போலப் புடைக்கும். அந்தக் கரடுமுரடைப் போர்முனையின் நேர்மை என்று பின்னால் பலர் வாசித்தார்கள். வெளிச்சம் போதவில்லை என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. இன்னொன்று: 36 படங்களும் ஒரே சுருளில் இருப்பதால் ஒரே டப்பாவில், ஒரே கழுவலில் இறங்குகின்றன. ஒன்றுக்கு விட்டுக்கொடுத்தால் மற்ற 35-ம் சேர்ந்து விட்டுக்கொடுக்க வேண்டும். கழுவும் நீர் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. சென்னையின் மே மாதக் குழாய்த் தண்ணீரில் ஐஸ்கட்டி போடாமல் அது நடக்காது.

பிலிமின் இந்தப் பிடிவாதமான குணங்கள் யாரோ ஒரு கலைஞர் யோசித்து வைத்தவை என்று எண்ணிவிட வேண்டாம். ஜெலட்டின் மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. ஒரு தொகுதி ஜெலட்டினில் செய்த பிலிம் ஒளிக்குச் சுறுசுறுப்பாக இருக்கும், இன்னொரு தொகுதியில் செய்தது மந்தமாக இருக்கும்; காரணம் வெகுநாள் புரியவில்லை. கோடக் ஆய்வுக்கூடத்தின் சாமுவேல் ஷெப்பர்டு 1925-இல் கண்டுபிடித்துச் சொன்னார்: மாடு மேய்ந்த கடுகுச் செடியில் இருக்கும் கந்தகச் சேர்மம் ஜெலட்டினில் தங்கியிருந்தால் பிலிமின் வேகம் கூடுகிறது. கடுகு தின்னும் மாடுகள் இல்லாவிட்டால் சினிமாவே இல்லை என்று அந்த ஆய்வுக்கூடத்தில் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்களாம். பிலிமின் பொருளுக்குள் இப்படி எதேச்சையாக வந்து சேர்ந்தவை பல. அவற்றை ஆராய்ந்து, அளந்து, வளைகோடாக வரைந்து, ஆண்டாண்டு காலம் மாறாமல் தந்தது தொழிற்சாலையின் சாதனை. டி-76 டெவலப்பரின் சேர்மானம் லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், போராக்ஸ் 2 கிராம். 1920-களில் எழுதிய குறிப்பை வைத்து இன்றும் கலக்கலாம். படமெடுப்பவருக்கு இந்த மாறாமை பெரிய சொத்து. ஒரே பிலிமை, ஒரே டெவலப்பரைப் பத்தாண்டு கையாண்டவருக்கு அதன் பொய் மனப்பாடமாகிவிடும். தெருவில் நடக்கும்போதே எந்தச் சுவர் எந்தச் சாம்பலாகும் என்று கண் சொல்லும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். டிஜிட்டல் காமிராவில் இதெல்லாம் இன்னும் எளிதாக ஆகுமே? வண்ணத்தோடு எடுத்துவிட்டுக் கணினியில் சிவப்பை ஏற்றலாம், நீலத்தை இறக்கலாம், ஆடம்ஸ் ஒரு தகட்டில் செய்ததை நூறு விதமாகச் செய்து பார்க்கலாம். உண்மை. அச்சிட்ட இரண்டு படங்களை அருகருகே வைத்தால் எது பிலிம், எது டிஜிட்டல் என்று தேர்ந்த கண்ணும் தடுமாறும். ஆகவே விளைவைக் காட்டி இந்த வாதத்தை வெல்ல முடியாது. வெல்ல முயல்கிறவர்கள்தான் கடைசியில் ஆன்மாவில் போய் விழுகிறார்கள். நான் பேசுவது வரிசையைப் பற்றி. வானம் கறுப்பா வெளுப்பா என்பதை அடுத்த வாரம் முடிவுசெய்யலாம் என்றால், இன்று அந்த வானத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. பார்க்கிறவர்கள் இருக்கலாம், கட்டாயம் இல்லை. படக்கலைஞர் செபாஸ்தியோ சால்காடோ 2008 வாக்கில் டிஜிட்டலுக்கு மாறியதை இந்த இடத்தில் எதிர்வாதமாகக் காட்டுவார்கள். விமான நிலைய எக்ஸ்-ரே கருவிகள் பிலிமைக் கெடுத்ததால் மாறினார். மாறிய பிறகும் கணினியில் ட்ரை-எக்ஸின் கிரெய்ன் சேர்க்கப்பட்டது, டிஜிட்டல் கோப்பிலிருந்து மறுபடி வெள்ளி நெகட்டிவ் தயாரிக்கப்பட்டது. இதில் எனக்குத் தெரிவது, முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு பிலிமின் வழியாகப் பார்த்துப் பழகிய கண் கருவி மாறியதும் மாறிவிடாது என்பது. கிரெய்னைச் சேர்த்தது எனக்கு உவப்பில்லை, அது பழைய வீட்டின் கதவைப் புது வீட்டில் அலங்காரத்துக்கு மாட்டிவைப்பது போன்றது. ஆனால் அந்தக் கண் பிலிமில் உருவானது என்பதை அவரது டிஜிட்டல் படங்களே காட்டுகின்றன.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. லைக்கா நிறுவனம் 2012-இல் வண்ணமே அறியாத டிஜிட்டல் காமிரா ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் உணர்தகட்டின் மேல் வண்ண வடிகட்டிகள் இல்லை. எடுத்த பிறகு சிவப்பை ஏற்றி இறக்கும் பேச்சுக்கு இடமில்லை. செம்பருத்தியை மீட்க அதற்கும் லென்ஸில்தான் கண்ணாடி மாட்ட வேண்டும். நான் பிலிமுக்கென்று சொல்லிவந்த சிறப்பில் பாதி அந்தக் காமிராவுக்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆக, வெள்ளி உப்பில் மாயம் எதுவும் இல்லை. முன்கூட்டிய கட்டுப்பாட்டில்தான் காரியம் இருக்கிறது. மீதிப் பாதி பிலிமிடமே இருக்கிறது. அந்தக் காமிரா எடுத்த மறுகணம் முதுகுத்திரையில் படத்தைக் காட்டிவிடும். சரியில்லை என்றால் அழித்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம். பிலிம் கழுவும்வரை வாய் திறக்காது. அந்தக் காமிராவின் விலைக்குப் பல ஆண்டுக்கான பிலிம் வாங்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வண்ணப் படக்கலைஞர் ரகுபீர் சிங் வைத்த மறுப்பு வேறு தளத்தில் நிற்பது. 1998-இல் வந்த ‘ரிவர் ஆஃப் கலர்’ தொகுப்பின் முன்னுரையில் அவர் கறுப்பு வெள்ளையை மேற்கின் குற்றவுணர்வோடும் சாவு பற்றிய அதன் மனநிலையோடும் இணைத்தார். இந்தியப் பார்வைக்கு வண்ணம் மேற்பூச்சு இல்லை, அதுவே ஆதாரம் என்பது அவர் கட்சி. சாந்து, மஞ்சள், குங்குமம், காவி எல்லாமே பொருளோடு கலந்து நிற்கும் ஒரு நாட்டில் அவற்றைச் சாம்பலாக்குவது மொழியின் உயிரெழுத்துகளைப் பிடுங்குவது போலத்தான். இந்த வாதத்தில் பாதியை மறுக்க முடியாது. நம் ஏழ்மையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அதற்குத் தானாகவே ஒரு கம்பீரம் வந்து சேர்கிறது. எடுத்தவர் அதற்காக எதுவும் செய்திருக்க மாட்டார். இரவல் கம்பீரம் அது. 1984 டிசம்பரில் நச்சுவாயுக் கசிவுக்குப் பின் போபாலில் பெயர் தெரியாத ஒரு குழந்தையைப் புதைத்தபோது அதை ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும் பாப்லோ பார்த்தலோமியு வண்ணத்திலும் எடுத்தார்கள். இரண்டும் உலகெங்கும் அறியப்பட்டவை. வண்ணப் படம் அந்த ஆண்டுக்கான வேர்ல்டு பிரெஸ் போட்டோ விருதைப் பெற்றது. வண்ணத்தில் மண் அந்த ஊர் மண்ணாகவே இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் மண்ணின் நிறம் கணக்கில் வரவில்லை. அதன் சொரசொரப்பும் முகத்தின் வழவழப்பும் எதிரெதிரே நிற்கின்றன. துயரம் இரண்டிலும் குறையவில்லை. துயரத்துக்குக் கறுப்பு வெள்ளையே உரியது என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் ரகுபீர் சிங்கும் சுதந்திரமான வண்ணத்தில் வேலை செய்யவில்லை. அவர் நம்பியிருந்தது கோடக்குரோம் என்ற வண்ணப் பிலிமை. அதற்கும் தனக்கென்று மாறாத குணம் உண்டு: ஆழமான நிழல், அழுத்தமான சிவப்பு, எக்ஸ்போஷரில் சிறு பிசகையும் பொறுக்காத கறார். அந்தக் குணத்தை மனப்பாடம் செய்துகொண்டுதான் அவர் கங்கைக் கரையிலும் கல்கத்தாத் தெருக்களிலும் நின்றார். அவர் படங்களின் வலிமை வண்ணத்தில் இருந்தது எவ்வளவு உண்மையோ, அந்த வண்ணம் முன்கூட்டியே கட்டுப்பட்டிருந்தது என்பதும் அவ்வளவு உண்மை. இன்னொரு விசித்திரம்: கோடக்குரோம் சுருளுக்குள் வண்ணமே இல்லை. அதில் இருப்பவை மூன்று கறுப்பு வெள்ளைப் படலங்கள். சாயம் கழுவும்போதுதான் ஏறும். அந்தக் கழுவலைக் கடைசியாகச் செய்துவந்த கன்சாஸ் மாநிலத்துக் கூடம் 2010 இறுதியோடு சுருள் வாங்குவதை நிறுத்திவிட்டது. எடுத்துக் கழுவாமல் எங்காவது கிடக்கும் கோடக்குரோம் சுருளை இன்று கழுவ நடைமுறையில் ஒரே வழி, அதைக் கறுப்பு வெள்ளையாகக் கழுவுவதுதான்.

கடைசியாக ஒரு குற்றச்சாட்டு: கறுப்பு வெள்ளைப் பிலிம் காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு. அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஒரு காலத்தில் ஆகாமலும் இருந்தது. தூசி குறைந்த குளிர்மலைக் காற்றை நம்பி ஊட்டியில் 1960-இல் நிறுவி, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் தாளும் எக்ஸ்-ரே பிலிமும் செய்தது. சிற்றூர் ஸ்டூடியோக்கள் வரை அந்தப் பெட்டி போயிற்று. 1996-இல் அது நலிந்த தொழிலாக அறிவிக்கப்பட்டது. இன்று ஊட்டியில் இந்து நகர் என்ற பெயர் இருக்கிறது, பிலிம் இல்லை. வாங்குகிற ஒவ்வொரு சுருளும் கடல் கடந்து வருகிறது. எனவே எல்லோரும் பிலிமுக்குத் திரும்புங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, சொல்லவும் இல்லை. படக்கலை கற்க வருகிறவர் ஒரே வகைக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் பத்துச் சுருள் எடுத்துத் தானே கழுவிப் பார்க்கலாம். அதற்கு மேல் எந்தக் கருவிக்குப் போனாலும் சரி.

பிலிம் கழுவும்வரை வாய் திறக்காது என்றேன்; அது எவ்வளவு காலம் காத்திருக்கும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1897 ஜூலையில் வடதுருவத்துக்குப் பலூனில் கிளம்பிய சுவீடன் நாட்டு ஆந்த்ரேயும் அவருடைய இரு தோழர்களும் பனியில் இறங்கி, மாதக்கணக்கில் நடந்து, அக்டோபரில் குவிட்டயா தீவில் இறந்துபோனார்கள். அவர்களின் முகாம் 1930-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களில் நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்க் எடுத்திருந்த 240 படங்களில் 93-ஐ ஸ்டாக்ஹோமில் கழுவி மீட்க முடிந்தது. கவிழ்ந்த பலூனின் அருகே இரண்டு பேர் நிற்கும் படம் முப்பத்து மூன்று ஆண்டுகள் யாரும் பார்க்காமல் வெள்ளிப் பரல்களுக்குள் இருந்தது. நம் வெயிலில் அவ்வளவு காலம் தாங்காது. சூடும் ஈரமும் அந்த அணுக்களை மெல்லக் கலைத்துவிடும், அசிடேட் பிலிம் நாளடைவில் புளிக்காடி நாற்றம் அடிக்கத் தொடங்கும். ஆனாலும் உங்கள் வீட்டு அலமாரியிலோ மூடிப்போன ஸ்டூடியோவின் பெட்டியிலோ எடுத்துக் கழுவாத கறுப்பு வெள்ளைச் சுருள் கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள், வெளிச்சத்தில் இழுத்தும் பார்த்துவிடாதீர்கள். காற்றுப் புகாமல் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, கையால் கழுவத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள்.